ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்

எனக்கு வாய் சரியில்லை என்று பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாற்பது வருஷமாகத் தோல் மண்டி வைத்திருப்பவன் நான், அப்துல் கையூம். கிழிந்த தோலை நல்ல தோலுக்குள் மடித்து வைத்து என் தலையில் கட்டப் பார்க்கிறவர்களோடு பேசிப் பேசி இந்த வாய் இப்படி ஆகிவிட்டது. ஆனால் அறுபத்து நாலாம் வருஷம் என் ஒரே மகன் முகமது பாரூக் மஞ்சள் காமாலையில் போன பிறகு, மூன்று மாதம் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. தூக்கம் வந்தது, பசி வந்தது. அந்த இரண்டும் வந்ததே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அவனுடைய புல்லட், வீட்டு வாசலை ஒட்டிய தகரச் சாய்ப்பில் நின்றது. ஒட்டன்சத்திரம், பழனி, வத்தலக்குண்டு என்று சந்தை சந்தையாகத் தோல் பார்க்கப் போவதற்கு அவன் வாங்கிய வண்டி. வாங்காதேடா, பஸ் ஓடுகிறது என்று நான் கத்தாத கத்தல் இல்லை. கேட்டானா? வாங்கின அன்றைக்கே, "அத்தா, பின்னாடி ஏறுங்க, மண்டியில விட்டுடறேன்" என்றான். "உன் முதுகுல குரங்காட்டம் தொத்திக்கிட்டு வரச் சொல்றியாக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கூப்பிட்டான். ஒரு தடவை கூட ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் வீடு வரை தெரு லேசாகச் சரிந்து வரும். வண்டி வாங்கின புதிதில் ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகை நடந்துகொண்டிருக்கும்போது இவன் படபடவென்று அதிர அதிர வந்து திரும்பினான். தொழுகை முடிந்ததும் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடிவந்து நடுத்தெருவில் வைத்து ஏசினேன். "அல்லாவுக்கு முன்னால நிக்கிற நேரத்துல உன் வண்டிச் சத்தம்தான்டா காதுல விழுகுது, மானங்கெட்டவனே" என்றேன். நாலு பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்த நேரமாக இருந்தாலும் பள்ளிவாசல் முனையில் இஞ்சினை நிறுத்திவிடுவான். சரிவில் வண்டி தானாக உருண்டு வீடு வந்து சேரும்.

ஆகையால் எங்கள் வீட்டில் அவன் வருகிற அடையாளம், சத்தம் கேட்பது அல்ல. சத்தம் நிற்பது. என் மனைவி ஜெய்தூன் பீவி திரைக்குப் பின்னால் இருப்பவள். வேற்று ஆண்கள் முன்னால் வரமாட்டாள், குரல் கொடுக்கவும் மாட்டாள். தெருவில் நடப்பதெல்லாம் அவளுக்குக் காது வழியாகத்தான். முனையில் சத்தம் நின்றதும் பாயை விரித்துத் தட்டை வைப்பாள். வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும்போது தட்டில் சோறு விழுந்திருக்கும். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அப்படித்தான்.

அவன் போன பிறகு அவள் உட்காரவே இல்லை. எனக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் மெக்கானிக் கருப்பணன் வந்தான். பழனி ரோட்டில் கொட்டகை போட்டிருக்கிறவன். பாரூக்குக்கும் அவனுக்கும் நல்ல பழக்கம். சாய்ப்புக்குள் போய் வண்டியைத் தடவிப் பார்த்தான்.

"பாய், இப்படியே நிப்பாட்டிப் போட்டா இஞ்சின் புடிச்சுக்கும். ஒண்ணு, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லேன்னா வித்துருங்க."

ஸ்டார்ட் செய்ய எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்திருக்க மாட்டேன். விற்றுவிடலாம் என்றேன். அதைச் சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை, வாசலில் கிடக்கிற கல்லை எடுத்துப் போடச் சொல்கிற மாதிரித்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முதலில் வந்தது கன்னிவாடி மொக்கைச்சாமி. வெங்காயம் போட்டு அந்த வருஷம் நன்றாக எடுத்திருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார்.

"ஓட்டிப் பாக்காம எப்படி பாய்? பழனி ரோட்டுல செத்த நேரம் விட்டுப் பாத்துட்டு வாரேன்."

"எதை வச்சுட்டுப் போவீரு?"

வண்டியை ஓட்டிப் பார்க்கிறவன் எதையாவது ஈடு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சைக்கிள், கைக்கடிகாரம், எதுவாக இருந்தாலும் சரி. அவர் கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"என்னைய நம்பலேன்னா நீரும் பின்னாடி ஏறும்" என்றார்.

ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு மனுஷனுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு பழனி ரோட்டில் போனேன். என் மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏறாத இடம் அது. துக்கம் வரும், நெஞ்சை அடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. முகத்தில் காற்று அடித்தது, கண்ணில் தூசி விழுந்தது, அவ்வளவுதான். மொக்கைச்சாமி ரயில்வே கேட்டு வரை போய்த் திருப்பினார். பள்ளிவாசலைக் கடக்கும்போதும் நிறுத்தவில்லை. வாசல் வரைக்கும் சத்தத்தோடே கொண்டுவந்து நிறுத்தினார். நான் இறங்கியதும் திரையைத்தான் பார்த்தேன். உள்ளே ஜெய்தூன் அம்மியில் அரைக்கிற சத்தம் விடாமல் கேட்டது. சரி, இவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"வண்டி ஜோராத்தான் இருக்கு. எங்கயும் விழுந்த வண்டியா பாய்?"

"விழல."

"பெறகு ஏன் விக்கிறீரு?"

"ஓட்டுனவன் மவுத்தாயிட்டான். எம் மவன். காமாலை."

பெட்ரோல் டாங்கியின் மேல் இருந்த கையை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "எம் பொண்டாட்டி ஜக்கம்மாளுக்குத் தெரிஞ்சா என்னைய வாசப்படி ஏற விடமாட்டா பாய். மனசுல வச்சுக்காதீரு" என்று சொல்லி, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். மற்ற நாளாக இருந்தால் அவரையும் அவர் வெங்காயத்தையும் சேர்த்து ஏசியிருப்பேன். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அப்துல் வாஹித் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவன், நம் ஆள். வண்டி யாருடையது, ஏன் விற்கிறோம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். எடுத்துக்கொள்கிறேன் என்கிற முடிவோடுதான் வந்தான். ஈடு வேண்டாம் என்று நான் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறது மாமு என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஓட்டிப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினான்.

கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாங்கு சொன்னார்கள். அன்று கால் வலி, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது. பள்ளிவாசல் முனையில் நின்றது.

வாஹித் என்ன தப்புச் செய்தான்? உள்ளே ஜமாத் தொழுகை நடக்கிறது. ஈமான் உள்ள பிள்ளை, இஞ்சினை நிறுத்தினான். சரிவில் வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்தது. வாசலில் ஸ்டாண்டு போட்டான்.

வீட்டுக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து உள்ளே போனேன். பாய் விரித்திருந்தது. தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. சொம்பில் தண்ணீர், பக்கத்தில் வெஞ்சனக் கிண்ணம். ஜெய்தூன் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை அவளுக்கு. மகன் மண்ணுக்குள் இருக்கிறான் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கை தானாப் போயிருச்சுங்க" என்றாள்.

கரண்டியை வைத்துவிட்டு, தட்டிலிருந்த சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினாள். ஒரு பருக்கை விடாமல் வழித்துக் கொட்டினாள். பிறகு சுவரோரமாகப் படுத்தவள், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். அடுத்த வீட்டுக் காதர் பீவி வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை அந்த வண்டி அப்படித் திரும்பி வந்தால் இவளும் எனக்கு இல்லை.

அன்றைக்கே, வாசலில் காத்து நின்ற வாஹித்திடம் கடிகாரத்தைக் கொடுத்து, "யாரைக் கேட்டுடா இஞ்சினை அமத்தினே?" என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. அவன் விழித்தான். "தொழுகை நடக்குது மாமு" என்றான். "விக்கல, போ" என்றேன். பணத்தோடு வந்த பிள்ளையை, காரணமும் சொல்லாமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போக வைத்தேன். நல்லது செய்தவனை ஏசுவது என் பரம்பரைச் சொத்துப் போலிருக்கிறது.

அதன் பிறகு, வண்டியைப் பார்க்கலாம், உட்காரலாம், ஓட்டிப் பார்க்கக் கூடாது என்றேன். கேட்கிறவன் சிரிப்பானா மாட்டானா? பட்டிவீரன்பட்டியிலிருந்து ஒருவர், செம்பட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டிப் பார்க்கக் கூடாது என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இஞ்சினே இல்லையா பாய், வெறும் கூடா என்று ஒருவன் கேட்டே விட்டான். கையூம் ராவுத்தர் வண்டி உள்ளே செத்துப்போச்சு என்று ஊரெல்லாம் பேச்சு.

கருப்பணன் கொட்டகையில் நிறுத்தி அங்கிருந்தே விற்றுவிடலாம் என்று ஒரு நாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். சாய்ப்பிலிருந்து அவன் வெளியே எடுத்ததும் ஜெய்தூன் வளையலைத் தட்டி என்னை உள்ளே கூப்பிட்டு, அவன் காதில் விழாமல் கேட்டாள்.

"எங்கங்க கொண்டு போறாக?"

சொன்னேன்.

"அவன் வண்டி அனாதையாட்டம் எவன் கொட்டகையிலயோ நிக்க வேணாம். அவன் இந்த வாசல்ல இருந்துதான் போனான். அதுவும் இங்க இருந்தே போகட்டும்."

வெளியே வந்து வேண்டாம் என்றேன். கருப்பணன் வண்டியைத் திரும்பச் சாய்ப்பில் கொண்டுபோய் நிறுத்தினான். "அப்ப பழைய இரும்பாத்தான் போகும் பாய்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

பிறகு ஒரு மாதம் யாரும் வரவில்லை. சாய்ப்பில் கோழிகள் ஏறி உட்கார ஆரம்பித்தன. தினமும் காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் ஆரம்பிக்கும் முன்னால், ஜெய்தூன் பழைய துணியால் வண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே போவாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்கழி மாதம் ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்குப் பாலசமுத்திரம் கண்ணுசாமி வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். கருப்பணன்தான் அனுப்பியிருந்தான். பழனிப் பக்கத்து ஆட்களுக்கே உரிய பதவிசு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வண்டியைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார்.

"பையன் வண்டின்னு கருப்பணன் சொன்னானுங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. நல்ல பையனோட வண்டின்னுதான் வந்தேனுங்க."

விலை பேசினோம். அவர் குறைக்கவில்லை, நான் ஏற்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க பாய், ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

"ஏலாது."

"இல்லீங்க, இம்புட்டுப் பணம் குடுத்து..."

"ஏலாதுன்னா ஏலாதுதான். வாங்குனா வாங்கும், இல்லேன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போம்! எம் மவனுக்கு இல்லாத வண்டி எவனுக்கு வேணும்? அது அப்படியே நின்னு மக்கட்டும்!"

மனுஷர் பயந்துவிட்டார். எனக்கே என் குரல் அன்னியமாக இருந்தது. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வீட்டுப் பெண்பிள்ளை சோறு எடுத்து வைத்துவிடுகிறாள் என்று ஒரு வேற்றாளிடம் எப்படிச் சொல்வது? அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் திரும்பினார்.

"அவரைப் போகச் சொல்லாதீங்க."

திரைக்குப் பின்னாலிருந்து ஜெய்தூனின் குரல். நான் திகைத்துப் போனேன். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேற்று ஆண் காதில் விழும்படி அவள் பேசியதில்லை. கண்ணுசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஓட்டிப் பாக்கட்டும். பாக்காம யாரு வாங்குவா? ஆனா பணத்தை இப்பமே குடுத்துரச் சொல்லுங்க. வண்டி புக்கை நீங்க குடுத்துருங்க. ஓட்டிக்கிட்டு அப்படியே ஊருக்குப் போயிரட்டும். திரும்ப இங்க கொண்டுவர வேணாம்."

கண்ணுசாமிக்கு என்னிடம் பேசுவதா, திரையிடம் பேசுவதா என்று தெரியவில்லை. தரையைப் பார்த்தே கேட்டார்.

"ஏனுங்கம்மா, வழியில வண்டி நின்னுபோச்சுன்னா? ஏதாச்சும் கோளாறுன்னா?"

"ஒரு காயிதம் போடுங்க. உங்க பணம் உங்க வீடு தேடி வந்துரும். வண்டி மட்டும் வர வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். "அவ சொன்னா சொன்னதுதான்" என்றேன். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எதுவும் கேட்காமல் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். நான் புக்கையும் சாவியையும் கொடுத்தேன். ஈடும் இல்லை, கடிகாரமும் இல்லை.

வண்டியைத் தெருவுக்கு இறக்கினார். ஒரு மிதி மிதித்தார், பிடிக்கவில்லை. இரண்டாவதும் பிடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணாவதுலதான் புடிக்கும். அதுக்கு எப்பவும் அப்படித்தான்" என்றது திரை. வண்டியில் ஒரு நாளும் ஏறாதவள், ஓட்டிப் பார்க்காதவள் சொன்னாள்.

மூன்றாவதில் பிடித்தது. ஒரு மாதத்துக்கு மேலாகச் சும்மா நின்ற வண்டி. தகரச் சாய்ப்பு அதிர்ந்தது, கோழிகள் சிதறி ஓடின. கண்ணுசாமி ஏறி உட்கார்ந்து, ஊர்ப் பழக்கத்தில் கை கூப்பி, "அப்ப, போயிட்டு வா..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினார்.  

"போறேனுங்க" என்றார். யார் வீட்டு வாசலிலும் சொல்லக் கூடாத சொல்லை நாங்கள் அவரைச் சொல்ல வைத்துவிட்டோம்.

நான் வாசலில் நின்றேன். ஜெய்தூன் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சத்தம் மேட்டில் ஏறிப் போனது. பள்ளிவாசல் முனையில் சட்டென்று நின்றது.

எனக்கு உயிர் நின்றுவிட்டது. லுஹர் நேரம். பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள், உள்ளே ஜமாத் ஆரம்பித்திருக்கும். அந்த மரியாதைக்கார மனுஷர் இஞ்சினை அமர்த்திவிட்டார். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்தத் தெருவில் அந்த இடத்தில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் திரும்பி விரல்களைப் பார்த்தேன். விரல்கள் திரையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டன.

அப்போது தூரத்தில், பள்ளிவாசலைத் தாண்டி, ஒரு மிதி. இரண்டாவது மிதி. மூன்றாவதில் பிடித்தது. சத்தம் பழனி ரோட்டில் ஏறி, தேய்ந்து தேய்ந்து, பஸ் ஹாரனுக்குள்ளும் மாட்டுவண்டிச் சலங்கைக்குள்ளும் கலந்து இல்லாமல் போனது.

வீட்டுக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

ஓடினேன். கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. பாயில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டிலும் சோறு விழுந்திருந்தது. குழம்பு ஊற்றியிருந்தாள். இரண்டு சொம்புத் தண்ணீர்.

"ஜெய்தூன், யாருக்கு இது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டாவது தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான். பசிக்குதுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.  நாலு மாதமாக எங்கேயோ போயிருந்தது மொத்தமும் அப்போதுதான் வீடு தேடி வந்தது.

"என்ன புள்ள இது, குழம்புல இம்புட்டு உப்பா அள்ளிப் போடுவே? மனுஷன் திங்கிறதா இல்லையா?" என்று கத்தினேன்.

ஜெய்தூன் தலை நிமிரவில்லை. அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. அழுதுட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.